சிங்கப்பூர்ல இருந்து முதல் க்ரூஸ்: பெரியவங்க மட்டும் போறதுக்கு முழுமையான வழிகாட்டி

குழந்தைங்க இல்லாம போற பெரியவங்களுக்காக எழுதறேன். கணவன் மனைவியா போறவங்க, ரிட்டயர் ஆன அப்பா அம்மா, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் கூட்டம், தனியா போறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும். சிங்கப்பூர்ல கப்பல் ஏறி பினாங்கு, போர்ட் க்ளாங், புக்கெட்னு சுத்திட்டு 3, 4, 5 ராத்திரில மறுபடி சிங்கப்பூருக்கே வர்ற ட்ரிப்ப மனசுல வெச்சுக்கிட்டு சொல்றேன். நான் இருக்கறது சிங்கப்பூர்லங்கறதால ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு நெறைய பேர கப்பல் ஏத்தி விட்டுருக்கேன், கூடவும் போயிருக்கேன்.

பெரும்பாலான சிக்கல் கப்பல்ல ஆரம்பிக்கறதில்ல, வீட்டுல தப்பான வரிசைல வேலைய செய்யறதுல தான் ஆரம்பிக்குது. முதல்ல ஆஃபர் விலை, அப்பறம் ரூம், அப்பறம் ஃப்ளைட், கடைசில "ஆமா விசா என்னாச்சு"ன்னு போறாங்க. அதனால கீழ இருக்கற வரிசைலயே போங்க.

1. முதல்ல தேதி, அதுக்கப்பறம் தான் கப்பல்

பெரியவங்க மட்டும் போறப்ப கப்பலோட பேர விட தேதி தான் முக்கியம்ங்கறது என்னோட உறுதியான கருத்து. ஒரே கப்பல் ஸ்கூல் லீவுல ஒரு மாதிரியும் மத்த நாள்ல வேற மாதிரியும் இருக்கும். லீவு நேரத்துல நீச்சல் குளத்துல கால் வைக்க இடம் கிடைக்காது, பஃபேல தட்டோட நின்னுட்டே இருப்பீங்க, லிஃப்ட் வர்றதுக்கே நேரம் ஆகும்.

தவிர்க்க வேண்டிய நேரம் எதெல்லாம்னா, சிங்கப்பூர் ஸ்கூல் லீவு வர்ற ஜூன் மாசம், நவம்பர் கடைசில இருந்து டிசம்பர் முடியற வரைக்கும், மார்ச் நடுவுலயும் செப்டம்பர் ஆரம்பத்துலயும் வர்ற ஒரு வார லீவு, சீனப் புத்தாண்டு, அப்பறம் நம்ம ஊர் ஏப்ரல் மே லீவும் தீபாவளி வாரமும். இதெல்லாம் கழிச்சா ஜனவரி நடு, பிப்ரவரி கடைசி, ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், அக்டோபர்ல தீபாவளி வராத வாரங்கள் மிச்சம் இருக்கும். அதுலயும் வெள்ளிக்கிழமை கிளம்பறத விட திங்கள் கிளம்பற ட்ரிப்ல கூட்டம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.

கடல பத்தியும் ஒரு வார்த்தை. பினாங்கு, போர்ட் க்ளாங் போற வழி மலாக்கா ஜலசந்தி, ரெண்டு பக்கமும் நிலம் இருக்கறதால வருஷம் முழுக்க ஓரளவு அமைதியாத்தான் இருக்கும். புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து, அலை இருக்கும். வியட்நாம் பக்கம் போற ட்ரிப்புக்கு டிசம்பர், ஜனவரி தான் ஆட்டம் அதிகம். ஆட்டத்துக்கு பயப்படறவங்க முதல் ட்ரிப்புக்கு மலாக்கா ஜலசந்தி வழிய எடுக்கறது நல்லது.

கப்பல் முழுக்கவே 18 வயசுக்கு மேல தான்னு சொல்ற கம்பெனிங்களும் இருக்கு. வர்ஜின் வாயேஜஸும் வைக்கிங்கும் அப்படித்தான், பிரிட்டன்ல பி அண்ட் ஓவோட ஆர்கேடியா, அரோரான்னு ரெண்டு கப்பல் இருக்கு. ஆனா சிங்கப்பூர்ல இருந்து 4 ராத்திரி போகணும்னா கிடைக்கறது பொதுவான கப்பல் தான், அதனால அதுக்குள்ள பெரியவங்களுக்குன்னு தனி இடம் இருக்கான்னு பாத்து எடுங்க. ராயல் கரீபியன் கப்பல்கள்ல சோலேரியம்னு ஒரு பகுதி, 16 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும், தனி காசும் கிடையாது. இந்த மாதிரி ஒரு இடம் இல்லாத கப்பல்னா நான் எடுக்க மாட்டேன், ஏன்னா கடல்லயே போற நாள் முழுக்க நீங்க உக்காரப் போறது அங்க தான். டிஸ்னி கப்பல் நல்ல கப்பல் தான், ஆனா அது குழந்தைங்களுக்காக கட்டினது, நாலு பெரியவங்க போய் அமைதிய தேடறதுக்கு அது இடம் இல்ல.

2. பாஸ்போர்ட்டும் பேரும் சரியான்னு பாத்துட்டு தான் புக் பண்ணணும்

பாஸ்போர்ட்ட எடுத்து காலாவதி தேதிய பாருங்க. கப்பல்ல இருந்து இறங்கற நாள்ல இருந்து 6 மாசமாவது மிச்சம் இருக்கணும். இல்லைன்னா செக்கின் கவுன்டர்லயே நிறுத்திடுவாங்க, பணமும் திரும்ப வராது.

அடுத்தது நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கற சிக்கல், இனிஷியல். நெறைய பேர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கும், முழுப் பேரும் கிவன் நேம்ல இருக்கும். கப்பல் கம்பெனி ஃபார்ம்ல ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம மேல போக முடியாது. உடனே அப்பா பேர ஒருத்தர் போடறார், இனிஷியல் எழுத்த ஒருத்தர் போடறார், ஃப்ளைட் டிக்கெட்ல ஏஜென்ட் வேற மாதிரி போட்டுருப்பார். நீங்களா முடிவு பண்ணாம கப்பல் கம்பெனிக்கோ ஏஜென்டுக்கோ கேட்டு, அவங்க சொல்ற முறைய எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. இத புக்கிங் முன்னாடியே செய்யச் சொல்றதுக்கு காரணம், அப்பறமா பேர் மாத்தறதுக்கு சில இடத்துல காசு கேப்பாங்க, சில இடத்துல கேன்சல் பண்ணிட்டு புதுசா போடச் சொல்லுவாங்க.

விசாவுக்கு வருவோம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும், கிளம்பறதுக்கு ஒரு மாசத்துக்குள்ள அப்ளை பண்றது தான் முறை. கைல வந்ததும் அதுல மல்டிபிள்னு இருக்கான்னு பாருங்க. ஏன்னா ஃப்ளைட்ல வந்து இறங்கறது ஒரு நுழைவு, கப்பல்ல போயிட்டு திரும்ப வர்றது ரெண்டாவது நுழைவு. சிங்கிள் என்ட்ரி விசாவோட வந்தா கப்பல்ல ஏறவே விட மாட்டாங்க, ஏன்னா திரும்ப உள்ள வர உங்களுக்கு அனுமதி இல்லைன்னு அவங்களுக்கு தெரியும்.

மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசில இருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாம அனுமதி குடுத்துட்டு வர்றாங்க, ஆனா இந்த சலுகைய அப்பப்ப மாத்தறாங்க, அதனால உங்க தேதிக்கு என்ன விதின்னு அரசாங்க சைட்ல பாத்துக்கோங்க. அரைவல் கார்டு, அதாவது நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்பற ஃபார்ம், தனி. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, வர்றதுக்கு 3 நாளைக்குள்ள போடணும், கப்பல்ல திரும்பி வர்றப்ப மறுபடி ஒண்ணு போடணும். இந்த ரெண்டாவதத்தான் எல்லாரும் மறக்கறாங்க, நடுக்கடல்ல நெட் இல்லாம முழிக்கறாங்க. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அதே மாதிரி டிஜிட்டல் கார்டு இருக்கு, உங்க ட்ரிப்புக்கு எது வேணும்னு கப்பல் கம்பெனி மெயில்ல சொல்லும். இதெல்லாமே இலவசம். காசு கேக்கற சைட்டா இருந்தா அது அரசாங்க சைட் இல்ல, உடனே வெளிய வந்துருங்க.

3. மொத்த செலவ ஒரு பேப்பர்ல எழுதுங்க

விளம்பரத்துல போடற விலை, ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கினா ஒரு ஆளுக்கு என்னன்னு சொல்ற விலை. அதுக்கு மேல வர்றது எல்லாத்தையும் எழுதினா தான் நிஜ விலை தெரியும்.

போர்ட் கட்டணமும் வரியும் முதல்ல. அடுத்து டிப்ஸ், கப்பல்ல கிராஜுயிட்டின்னு சொல்லுவாங்க, பெரிய கம்பெனிகள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு சுமார் 16ல இருந்து 20 அமெரிக்க டாலர், அதுவா உங்க கணக்குல ஏறிடும். 18 டாலர்னு வெச்சா ரெண்டு பேருக்கு 4 ராத்திரிக்கு 144 டாலர் ஆச்சு. இத முன்கூட்டியே கட்டிட்டா கடைசி நாள் பில்ல பாத்து அதிர்ச்சி ஆக வேண்டியதில்ல. டிப்ஸ எடுத்துடச் சொல்லலாமான்னு சிலர் கேக்கறாங்க, தயவு செஞ்சு வேணாம். தினமும் உங்க ரூம சுத்தம் பண்றவரோட வருமானமே அதுல தான் இருக்கு.

தனியா போறவங்க கவனமா பாக்க வேண்டியது சிங்கிள் சப்ளிமென்ட். ஒரு ஆள் தங்கினாலும் பல நேரம் ரெண்டு ஆள் காச கேப்பாங்க. ஒருத்தருக்கான கேபின் இருக்கற கப்பல் கிடைச்சா நல்லது, இல்லைன்னா கூட்டம் இல்லாத வாரத்துல இந்த கூடுதல் குறையுதான்னு பாருங்க.

ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் விஷயத்துல கணக்கு போடாம யாரும் கை வைக்காதீங்க. உதாரணத்துக்கு ஒரு நாளுக்கு 80 டாலர்னா 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேத்து 94 டாலர் 40 சென்ட். ஒரு காக்டெயில் 14 டாலர்னா சார்ஜோட 16 டாலர் 50 சென்ட். அப்ப தினமும் 6 குடிச்சா தான் காசு தேறும், அதுவும் துறைமுகத்துல இறங்கி ஊர் சுத்தற நாளையும் சேத்து. பல கம்பெனிகள்ல ஒரு ரூம்ல ஒரு பெரியவர் பேக்கேஜ் எடுத்தா அதே ரூம்ல இருக்கற மத்த பெரியவரும் எடுத்தே ஆகணும், கணவர் குடிப்பார் மனைவி குடிக்க மாட்டாங்கன்னா அது வெறும் நஷ்டம். ரெண்டு பீர், ஒரு கிளாஸ் ஒயின்னு குடிக்கறவங்க அப்பப்ப காசு குடுத்து வாங்கிக்கறது தான் லாபம்.

இந்தியால இருந்து டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ், அதாவது விக்கறவங்களே முன்கூட்டியே வசூலிக்கற வரி, பிடிப்பாங்க. வருமான வரி கணக்குல அத கழிச்சுக்கலாம், ஆனா இப்ப கைல இருந்து போற காசு அதுவும் தான், அதையும் எழுதிக்கோங்க.

4. கேபின்: வகைய விட இடம் முக்கியம்

இன்சைட், ஜன்னல் வெச்சது, பால்கனி, சூட்னு நாலு வகை. எல்லாரும் வகைக்காக மண்டைய உடைச்சுக்கறாங்க, எந்த மாடி, எந்தப் பக்கம்ங்கறத பாக்கறதே இல்ல.

கப்பல் அலைல ஏறி இறங்கறப்ப சீசா பலகை மாதிரி தான், முனைல ஆட்டம் அதிகம், நடுவுல குறைவு. அதே மாதிரி மேல போகப் போக பக்கவாட்டு ஆட்டம் கூடும். அதனால தலை சுத்தற ஆளுங்க, வயசானவங்க எல்லாம் கப்பலோட நடுப்பகுதில, கீழ் மாடில ரூம் எடுங்க. முன்பக்கத்துல மேல் மாடில பெரிய பால்கனி ரூம் எடுத்துட்டு ராத்திரி முழுக்க படுக்க முடியாம இருந்தவங்கள பாத்துருக்கேன்.

அடுத்தது டெக் ப்ளான். கம்பெனி சைட்லயே இருக்கும். உங்க ரூமுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. மேல நீச்சல் குளமோ பஃபேயோ இருந்தா காலைல 5 மணிக்கே நாற்காலி இழுக்கற சத்தம் கேக்கும், கீழ தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தா ராத்திரி 1 மணி வரைக்கும் தும் தும்னு அதிரும். மேலயும் கீழயும் ரூம்களே இருக்கற மாடி தான் நிம்மதி. ஜன்னல் ரூம் ரொம்ப மலிவா இருந்தா அப்ஸ்ட்ரக்டட்னு போட்டுருக்கான்னு பாருங்க, ஜன்னல் வழியா பாத்தா லைஃப்போட் தான் தெரியும்.

பால்கனி வேணுமா? எங்க அத்தை மாமா மாதிரி காலைல காபிய வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கடல பாத்துட்டு உக்காரறவங்களுக்கு கண்டிப்பா வேணும், அந்தக் காசு வீண் இல்ல. ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா போறவங்க ரூமுக்கு தூங்க மட்டும் தான் வருவாங்க, அவங்களுக்கு இன்சைட் போதும், மிச்சமாகற காசுல ஒரு நல்ல டின்னர் சாப்பிடலாம்.

மூணு பெரியவங்க ஒரே ரூம்ல தங்கலாம்னு யோசிக்கறவங்களுக்கு என் பதில் வேணாம்ங்கறது தான். மூணாவது ஆளுக்கு கிடைக்கறது சோஃபா பெட் இல்லைன்னா மேல இருந்து இறக்கற படுக்கை, பாத்ரூம் ஒருத்தர் திரும்பற அளவு தான். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஒரு ரூம் எடுத்தா கட்டில பிரிச்சுப் போடச் சொல்லி புக்கிங்லயே எழுதிருங்க, இல்லைன்னா ஒரே பெரிய கட்டிலா இருக்கும்.

கேரன்டீ கேபின்னு ஒரு விலை வரும், ரூம் நம்பர அவங்களே குடுப்பாங்க. ஆட்டம், சத்தம் எதுவும் பாதிக்காத இளவட்டங்க எடுக்கலாம். முதல் தடவ போற அப்பா அம்மாவுக்கு எடுக்காதீங்க.

5. இன்ஷூரன்ஸ், மருந்து

புக் பண்ண அதே வாரத்துல இன்ஷூரன்ஸ் எடுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி நாள் இல்ல. காரணம், கிளம்பறதுக்கு முன்னாடியே உடம்பு முடியாம போய் கேன்சல் பண்ண வேண்டி வந்தா அப்ப தான் பணம் கிடைக்கும். கப்பல் பயணத்துக்கு செல்லுமா, நடுக்கடல்ல இருந்து ஹாஸ்பிடலுக்கு தூக்கிட்டு போற செலவு இருக்கான்னு ரெண்டையும் பாருங்க. கப்பல்ல டாக்டர் இருப்பார், ஆனா அது கட்டண வைத்தியம், காசு அங்கேயே உங்க கணக்குல ஏறும், நீங்க தான் அப்பறமா இன்ஷூரன்ஸ்ல வாங்கணும். பிபி, சுகர் இருக்கறத மறைக்காம எழுதுங்க, மறைச்சா அதையே காரணம் காட்டி பணம் தர மாட்டாங்க. கர்ப்பமா இருக்கறவங்க 24 வாரம் ஆகியிருந்தா பெரும்பாலான கம்பெனிகள்ல ஏத்த மாட்டாங்க.

தலைசுத்தல் மாத்திரைய வாந்தி வர்றதுக்கு முன்னாடி போடணும், வந்தப்பறம் போட்டா அது உள்ள தங்காது. அவோமின் மாதிரி மாத்திரை தூக்கத்த வரவழைக்கும், அத போட்டுட்டு மது குடிக்கவே கூடாது. ஏற்கனவே வேற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. மாத்திரை பிடிக்காதவங்க திறந்த டெக்குக்குப் போய் தொடுவானத்த பாத்துட்டு நில்லுங்க, இஞ்சி மிட்டாய் வாயில போடுங்க, போன மட்டும் பாக்காதீங்க.

தினமும் சாப்பிடற மாத்திரை எல்லாம் அட்டையோட, டாக்டர் சீட்டோட இருக்கணும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி சிலதுக்கு சிங்கப்பூர்ல கட்டுப்பாடு உண்டு, எச்எஸ்ஏங்கற சிங்கப்பூர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட சைட்ல முன்னாடியே பாத்து தேவைன்னா அனுமதி வாங்குங்க.

6. ஃப்ளைட் ஒரு நாள் முன்னாடி, செக்கின் வீட்டுல இருந்தே

கப்பல் கிளம்பற அன்னிக்கு காலைல சென்னைல இருந்தோ திருச்சில இருந்தோ வந்து இறங்கற மாதிரி ஃப்ளைட் போடாதீங்க. ஃப்ளைட் லேட் ஆனா கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துல போய் ஏறலாமான்னா அதுக்கு விசா, அனுமதின்னு வேற சிக்கல். ஒரு நாள் முன்னாடி வந்து லிட்டில் இந்தியால தங்கி நல்லா சாப்பிட்டு தூங்கிட்டு போங்க.

ஆன்லைன் செக்கின் திறந்த உடனே பண்ணிருங்க. துறைமுகத்துக்கு எத்தன மணிக்கு வரணும்னு ஒரு நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்லும், லேட் ஆனா சாயங்கால நேரம் தான் மிஞ்சும், ஏறினதும் அரை நாள் போயிருக்கும். போட்டோவும் கார்டு விவரமும் அப்பவே குடுத்துருங்க. இங்க கிரெடிட் கார்டு தான் நல்லது. டெபிட் கார்டு குடுத்தா தினமும் ஒரு தொகைய பிடிச்சு வெப்பாங்க, ட்ரிப் முடிஞ்சும் பல நாள் அந்தக் காசு உங்க அக்கவுன்ட்ல எடுக்க முடியாம நிக்கும்.

எந்த டெர்மினல்னு டிக்கெட்ல பாருங்க. மெரினா பே க்ரூஸ் சென்டர்னா மெரினா சவுத் பியர் எம்ஆர்டி, சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர்னா ஹார்பர்ஃப்ரன்ட் எம்ஆர்டி. ரெண்டும் வேற வேற இடம், டாக்ஸிக்காரர்கிட்ட வெறுமன க்ரூஸ் சென்டர்னு சொல்லி மாத்தி இறங்கறவங்க இன்னமும் இருக்காங்க.

7. ரெண்டு பை, அதுல எது எங்க

பெரிய பெட்டிய துறைமுகத்துல குடுத்துடுவீங்க, அது ரூமுக்கு வர சாயங்காலம் ஆகலாம், சில நேரம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சும் ஆகும். அதனால தோள் பைல பாஸ்போர்ட், எல்லா மாத்திரையும், சார்ஜர், ஒரு மாத்து துணி, நீச்சல் உடை வெச்சுக்கோங்க. பெட்டி வராம ஜீன்ஸோட சோலேரியத்துல உக்காந்து மத்தவங்க குளிக்கறத பாக்கறத விட இது மேல்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் எடுத்துட்டு வராதீங்க. கப்பல்ல தீ தான் பெரிய பயம், ஸ்கேன்ல பாத்து பெட்டிய நிறுத்தி வெச்சுருவாங்க, நீங்க போய் அத எடுத்துக் குடுத்தா தான் பெட்டி வரும். ரூம் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ரெண்டு இருந்தா தொப்பி, பை, ஈரத் துண்டு மாட்ட ரொம்ப உதவும். வேப் (மின் சிகரெட்) கண்டிப்பா வேணாம், சிங்கப்பூர்லயும் தாய்லாந்துலயும் தடை, பிடிச்சா கடுமையான நடவடிக்கை.

வீட்டுல செஞ்ச புளியோதரை, தொக்கு எல்லாம் ஏத்த விட மாட்டாங்க. சீல் பிரிக்காத பாக்கெட் முறுக்கு, ஊறுகாய் பாக்கெட் பரவால்ல.

துணி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். ராத்திரி மெயின் டைனிங் ரூம்ல ஆம்பளைங்க அரை ட்ரவுசர் போட்டுட்டு போக முடியாது, ஒரு நாள் ஃபார்மல் நைட் வரும். அதுக்காக கோட்டு வாங்க வேண்டியதில்ல, பட்டு வேட்டி சட்டையும் பட்டுப்புடவையும் தாராளமா கட்டலாம், அந்த ஹால்ல அத விட அழகா வேற எதுவும் இருக்காது. ஏசி நல்லா குளிரும், ஒரு சால்வை வேணும்.

8. ஏறின முதல் மூணு மணி நேரம்

இந்த மூணு மணி நேரத்துல செய்யறது தான் மிச்ச நாள முடிவு பண்ணுது. எல்லாரும் நேரா பஃபேக்கு ஓடறாங்க, ஏறின எல்லாருமே அங்க தான் இருப்பாங்க. வரிசை இப்படி வெச்சுக்கோங்க.

முதல்ல போன ஃப்ளைட் மோட்ல போட்டு கப்பல் வைஃபைல சேருங்க. கப்பலோட ஆப்புக்கு பெரும்பாலும் நெட் பேக்கேஜ் தேவையில்ல. ஃப்ளைட் மோட் போடாம விட்டா கடல் நடுவுல போன் கப்பலோட செல் டவரப் பிடிச்சுக்கும், உங்க சாதாரண ரோமிங் பேக் அதுக்கு பெரும்பாலும் செல்லாது, பில் எகிறும்.

ரெண்டாவது, ஆப்ல ஷோக்களுக்கும் டின்னருக்கும் இடம் பிடிங்க. நல்ல ஷோ எல்லாம் சீக்கிரம் நிரம்பிடும்.

மூணாவது, மஸ்டர், அதாவது ஆபத்து வந்தா எங்க வந்து கூடணும்னு சொல்லித் தர்ற பாதுகாப்புப் பயிற்சி. இத யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 2012 ஜனவரில இத்தாலி பக்கம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறைல மோதி 32 பேர் செத்தாங்க, அன்னிக்கு ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கல. அதுக்கப்பறம் தான் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ இத முடிச்சே ஆகணும்னு சர்வதேச விதிய இறுக்கினாங்க. இப்ப பல கப்பல்ல ஆப்ல வீடியோ பாத்துட்டு, உங்க கார்டுல போட்டுருக்கற மஸ்டர் நம்பர் இடத்துக்கு நடந்து போனா அங்க ஒருத்தர் கார்ட ஸ்கேன் பண்ணுவார், பச்சை விளக்கு எரியும், முடிஞ்சது. ஏழு குட்டி ஊதல், அதுக்கப்பறம் ஒரு நீள ஊதல், அது தான் அபாய ஒலி. ஸ்கேன் முடிஞ்சு திரும்பறப்ப லிஃப்ட விட்டுட்டு படில நடந்து ரூம் வரைக்கும் போய் பாருங்க, ஏன்னா நிஜமா ஒண்ணு நடந்தா லிஃப்ட் கிடையாது. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க கண்டிப்பா இத செய்யணும்.

இதெல்லாம் முடிச்சுட்டு சாப்பிடப் போனா பஃபேல கூட்டமும் குறைஞ்சிருக்கும்.

9. சாப்பாடு

சைவமா, ஜெயின் சாப்பாடான்னு புக் பண்றப்பவே எழுதிருங்க, ஏறினதும் முதல் ராத்திரி டைனிங் ரூம்ல ஹெட் வெயிட்டர கூப்பிட்டு நேர்லயும் சொல்லுங்க. நாளைக்கு ராத்திரி இந்தியன் வெஜ் வேணும்னு இன்னிக்கே கேட்டா செஞ்சு வெப்பாங்க, அந்த நிமிஷத்துல கேட்டா பாஸ்தா தான் வரும். சிங்கப்பூர்ல இருந்து கிளம்பற கப்பல்கள்ல நம்ம ஆளுங்க நெறைய வர்றதால பஃபேல இந்தியன் கறி வகை இருக்கும், பெரும்பாலும் வட இந்திய சுவை. தயிர் சாதம் இல்லாம முடியாதுங்கறவங்க வெறும் சாதமும் இனிப்பில்லாத யோகர்ட்டும் கேட்டு வாங்கி கலந்துக்கோங்க.

என் கருத்து என்னன்னா பெரியவங்களா போறப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு பஃபேய விட்டுட்டு மெயின் டைனிங் ரூமுக்கு போங்க. டிக்கெட்லயே சேந்தது தான், தனி காசு இல்ல. உக்காந்து பேசி ஒண்ணரை மணி நேரம் சாப்பிடறது தான் க்ரூஸோட சுகமே, அதே மேசை அதே வெயிட்டர்னா ரெண்டாவது நாள் உங்களுக்கு என்ன பிடிக்கும்னு அவருக்கே தெரிஞ்சுடும்.

சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவுங்க. வாசல்ல சானிடைசர் இருந்தாலும் கப்பல்ல பரவற நோரோவைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும் தான். வயித்துப்போக்கு, வாந்தி வந்தா மறைக்காம மெடிக்கல் சென்டருக்கு சொல்லுங்க.

10. துறைமுக நாள்

எங்க நீங்களா சுத்தலாம், எங்க கப்பல் டூர் எடுக்கணும்ங்கறது ஊர பொறுத்தது. பினாங்குல கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர்ல நிக்கும், ஜார்ஜ் டவுன் நடக்கற தூரம். இங்க டூர் எடுக்கறது வீண். நடந்தே போய் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில பாத்துட்டு, லிட்டில் இந்தியால வாழை இலை சாப்பாடு சாப்பிட்டுட்டு திரும்பலாம். வெயிலுக்கு முன்னாடி இறங்கிடுங்க.

போர்ட் க்ளாங் அப்படி இல்ல. அங்க இருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ட்ராஃபிக்ல சிக்கினா ரெண்டு மணி நேரம் கூட ஆகலாம். பத்துமலை பாக்கணும்னா கப்பல் டூர்லயே போங்க. விலை கூட தான், ஆனா அவங்க பஸ் லேட் ஆனா கப்பல் நிக்கும். நீங்களா பிடிச்ச டாக்ஸி லேட் ஆனா நிக்காது.

புக்கெட்ல பல நேரம் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுட்டு சின்ன போட்ல கரைக்கு கூட்டிட்டு போகும். ஆடற போட்ல கால் வெச்சு ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க. அலை அதிகம்னா இறங்கறதே ரத்தாகும், அதுக்கு மனசளவுல தயாரா இருங்க.

நேரக் குழப்பம் இங்க தான் வரும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி. போன் கரைல தானா மாறிடும், ஆனா கப்பல் பல நேரம் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடும். போன்ல 3 மணின்னு பாத்துட்டு நீங்க கடைல இருப்பீங்க, கப்பல்ல 4 மணி. அதனால ஒரு சாதாரண கைக்கடிகாரத்த கப்பல் நேரத்துக்கு வெச்சு கட்டிக்கோங்க, கடைசியா ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே துறைமுகத்துக்கு வந்துருங்க. இறங்கறப்ப கப்பல் கார்டு, போட்டோ ஐடி, பாஸ்போர்ட் காப்பி, கொஞ்சம் உள்ளூர் காசு, அன்னிக்கு சாப்பிட வேண்டிய மாத்திரை இதெல்லாம் கைல இருக்கணும். பாஸ்போர்ட்டே வேணுமான்னு அன்னிக்கு கப்பல்ல சொல்லுவாங்க.

கப்பல்ல இருந்து பழம், சாப்பாடு எதையும் கரைக்கு எடுத்துட்டு போகாதீங்க.

11. கடைசி ராத்திரியும் இறங்கறதும்

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலமே ஆப்ல பில்ல திறந்து ஒவ்வொரு வரியா பாருங்க. நீங்க எடுக்காத மினி பார் பாட்டில், ரெண்டு தடவ ஏறின காபின்னு ஏதாவது இருந்தா அன்னிக்கே கெஸ்ட் சர்வீஸ்ல சொல்லி எடுக்க வெச்சுரலாம். மறுநாள் காலைல அந்த கவுன்டர்ல நிக்கற வரிசைய பாத்தாலே திரும்பி வந்துருவீங்க.

பெரிய பெட்டிய டேக் கட்டி ராத்திரி சொன்ன நேரத்துக்குள்ள கதவுக்கு வெளிய வெக்கணும். மறுநாள் போடற துணி, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நாலையும் வெளிய எடுத்து வெச்சுட்டு தான் பெட்டிய பூட்டணும். எல்லாத்தையும் உள்ள வெச்சு அனுப்பிட்டு காலைல நைட்டியோட இறங்க வேண்டி வந்தவங்க உண்டு.

கப்பல்ல மலிவா சாராயம் வாங்கினவங்க கவனிங்க. 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளிய இருந்திருக்கணும், மலேசியால இருந்து வரக்கூடாது, இந்த ரெண்டும் இருந்தா தான் மதுவுக்கு வரி விலக்கு. உங்க கப்பல் மலேசியா போயிட்டு வருதுன்னா வாங்கறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ் விதிய பாத்துக்கோங்க. சிகரெட்டுக்கு விலக்கே கிடையாது, ஒரு பாக்கெட்னாலும் ரெட் சேனல்ல போய் சொல்லி வரி கட்டணும்.

கப்பல் காலைல 7 மணிக்கு கட்டினாலும் எல்லாரும் இறங்கி, இமிக்ரேஷன் முடிச்சு, பெட்டி எடுத்து வெளிய வர 9, 10 ஆகிடும். சாங்கி போய் செக்கின் பண்ணணும்ல, அதனால மதியம் 1 மணிக்கு முன்னாடி கிளம்பற ஃப்ளைட் எதுவும் போடாதீங்க. சாயங்கால ஃப்ளைட்டா இருந்தா பெட்டிய சாங்கில லெஃப்ட் பேகேஜ்ல போட்டுட்டு ஏர்போர்ட்ட ஒட்டி இருக்கற ஜுவல் மால்ல நிதானமா சாப்பிட்டுட்டு போகலாம்.